கிழிந்த தசை மீண்டும் உருவாகும் விதம்

இயன்முறை சிகிச்சை அளிப்பவள் என்ற முறையில், கெண்டைக்கால் தசையோ பின்தொடைத் தசையோ கிழிந்து வருபவர்களிடமிருந்து நான் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை நாள் அசையாமல் இருக்க வேண்டும்?" இதற்கு விடை தேடி ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, காயம்பட்ட தசையின் மீட்சி அந்தத் தசையை மட்டுமல்லாமல் அதைச் சூழ்ந்திருப்பவற்றையும் பொறுத்தது என்ற எண்ணம் எனக்குள் வலுப்பட்டிருக்கிறது.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் கால் தசையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, தசை இழைக்கும் அதைப் போர்த்தியிருக்கும் அடித்தளச் சவ்வுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்த சிறு செல்களைக் கண்டு, அவற்றுக்குச் சாட்டிலைட் செல்கள் என்று பெயரிட்டார். 1961-இல் வெளியான அந்தச் சுருக்கமான கட்டுரையிலேயே, இவை கருப்பருவத்தில் இழையோடு இணையாமல் தங்கிவிட்டவையாக இருக்கலாம் என்றும், இழை சேதமடையும்போது விழித்தெழுந்து புதிய தசையை உருவாக்கக்கூடும் என்றும் அவர் ஊகித்திருந்தார். முதிர்ந்த இழையின் உட்கருக்கள் மேற்கொண்டு பிரிவதில்லை என்பதால், அந்த ஊகம் மிகவும் பொருள் பொதிந்தது. அது ஐயமற உறுதிப்பட ஐம்பது ஆண்டுகள் ஆயின. பாக்ஸ்7 என்ற புரதத்தை அடையாளமாகக் கொண்டு அந்தச் செல்களை மட்டும் சுண்டெலிகளில் அழித்தால், காயம்பட்ட தசை மீண்டும் உருவாவதில்லை என்று 2011-இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் காட்டின.

இவ்வகைச் சோதனைகளில் தசையைச் சேதப்படுத்தப் பெரும்பாலும் நாகப்பாம்பு நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த கார்டியோடாக்சினைப் பயன்படுத்துகிறார்கள். அது இழைகளைச் சிதைத்தாலும் அடித்தளச் சவ்வையும் சாட்டிலைட் செல்களையும் பெரும்பாலும் விட்டுவைப்பதால், சுண்டெலியின் தசை சில வாரங்களிலேயே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடுகிறது. மத்திய அமெரிக்காவின் போத்ரோப்ஸ் ஆஸ்பெர் என்ற குழிவிரியனின் நஞ்சு அப்படிப்பட்டதல்ல. அது இரத்த நாளங்களையும் சேர்த்தே அழிப்பதால் மீட்சி அரைகுறையாக நின்று, தசை இருக்க வேண்டிய இடத்தில் தழும்புத் திசு படிகிறது என்பதைக் கோஸ்டாரிகாவின் குளோடோமிரோ பிகாடோ நிறுவனத்தைச் சேர்ந்த ஹொசே மரியா குட்டியரெஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். புதிய இழையைத் தரவல்ல செல்கள் தசையில் இருந்தாலும், இரத்த ஓட்டம் இல்லாவிட்டால் அவற்றால் பயனில்லை.

அழற்சியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். வீக்கம் என்றாலே கெடுதல் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிரான்சில் பெனெடிக்ட் ஷாஸோவின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காயத்துக்குள் நுழையும் மேக்ரோபேஜ்கள் எனப்படும் நோயெதிர்ப்புச் செல்கள் தொடக்கத்தில் அழற்சியைத் தூண்டுபவையாக இருந்து, சிதைந்த இழைகளை அகற்றுவதோடு தசைச் செல்கள் பெருகவும் துணைபுரிகின்றன. பின்னர் அதே மேக்ரோபேஜ்கள் தம் இயல்பை மாற்றிக்கொண்டு, பெருகிய செல்கள் ஒன்றிணைந்து இழையாக உருவாவதற்கு உதவுகின்றன. தொடக்கத்திலேயே அவற்றின் வரவைத் தடுத்தால் தசை மீள்வதில்லை. ஆகவே, முதல் நாளிலேயே அழற்சியை அடியோடு அடக்கிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இவை சுண்டெலிகளில் கண்டவை என்பதால், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது, டென்மார்க்கில் 50 பொழுதுபோக்கு விளையாட்டு வீரர்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியானது. தொடையிலோ கெண்டைக்காலிலோ தசை கிழிந்த அவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு நாள் கழித்தும் மற்றவர்கள் ஒன்பது நாள் கழித்தும் பயிற்சியைத் தொடங்கினர். முந்தியவர்கள் மீண்டும் விளையாடத் தொடங்க எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை அளவு (median) 62.5 நாள், பிந்தியவர்களுக்கு 83 நாள். ஒரு வாரம் தாமதித்ததற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களை அவர்கள் இழந்தார்கள் என்பதை எண்ணும்போது, காயம்பட்டவரை நெடுநாள் படுக்க வைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வு, அதன்பின் வலி மிஞ்சாத அளவில் மெல்ல நீட்டுதல், பிறகு படிப்படியாகப் பளுவைக் கூட்டுதல் என்பதே நான் பின்பற்றும் வரிசை.

முதியவர்களுக்கு இவை யாவும் மெதுவாகவே நடக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புரூஸ் கார்ல்சனும் ஜான் ஃபாக்னரும் 1989-இல், கிழட்டு எலியின் தசையை இளம் எலியின் உடலில் பதித்தபோது அது இளம் தசைக்கு நிகராக மீண்டது. இளம் தசையோ கிழட்டு உடலில் தடுமாறியது. சூழலே முதன்மை என்ற என் எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் பார்சிலோனாவில் பூரா முன்யோஸ்-கானோவெஸின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்துக்கு ஒரு வரம்பைக் காட்டுகிறது. மிக முதிர்ந்த சுண்டெலிகளின் சாட்டிலைட் செல்கள், பி16 என்ற புரதத்தின் மிகுதியால் விழித்தெழும் திறனையே இழந்துவிடுகின்றன. இளம் உடலில் பதித்தாலும் அவை முழுமையாகத் தேறுவதில்லை. அந்தப் புரதத்தின் உற்பத்தியைத் தடுத்தபோதுதான் அவை மீண்டும் தசையை உருவாக்கத் தொடங்கின.