நீர்நாயின் கையில் என்ன இரை: எல்க்ஹார்ன் உப்பங்கழிக் குறிப்புகள்

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், மாஸ் லேண்டிங் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குள் நீளும் எல்க்ஹார்ன் உப்பங்கழியில் கடல் நீர்நாய்கள் இரை எடுப்பதைக் கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக் குறித்து வருகிறேன். ஒரே விலங்கைத் தேர்ந்துகொண்டு, அது மூழ்கிய நேரம், மேலே வந்த நேரம், கையில் இருந்த இரை, கல்லைப் பயன்படுத்தியதா என்பன மட்டும் எழுதப்படும். மிதந்து உறங்கும் கூட்டத்தை எண்ணுவதைவிட இம்முறை அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

நேரம் குறிப்பது விரைவில் பழகிவிட்டது. இரையை இனங்காண்பதற்குத்தான் நாள் பிடித்தது. மட்டியாக இருந்தால், மல்லாந்து மிதந்தபடி மார்பில் வைத்த கல்லின்மேல் அதை மோதி உடைக்கும் ஓசை கரைவரை கேட்கும். நண்டாக இருந்தால் ஓசையே இல்லை. கால்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்னும். அக்குளுக்கு அடியில் உள்ள தளர்ந்த தோல்மடிப்பில் அடுத்த இரையைச் செருகி வைத்துக்கொள்வதும் உண்டு என்பதால், ஒரு முறை மூழ்கினால் ஓர் இரை என்று கணக்கிட முடியாது. அதற்குத் தனிப் பத்தி ஒன்றைக் குறிப்பேட்டில் சேர்த்த பிறகே பதிவுகள் ஒழுங்குக்கு வந்தன.

இவ்வளவு ஓயாமல் தின்பதற்குக் காரணம் குளிர். திமிங்கலத்துக்கும் கடற்சிங்கத்துக்கும் இருப்பது போன்ற கொழுப்புப் படலம் கடல் நீர்நாய்க்கு இல்லை. சதுர அங்குலத்துக்குப் பத்து லட்சம் வரை முடிகள் கொண்ட ரோமமும், நாள்தோறும் உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு உண்ணும் உணவுமே அதைக் காக்கின்றன. அந்த ரோமத்துக்காகவே இவை வேட்டையாடப்பட்டு, 1911-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் பாதுகாப்புப் பெற்றன. 1938-இல் பிக் சர் கடற்கரையில் தென்பட்ட சிறு கூட்டத்தின் வழிவந்தவையே இன்று கலிபோர்னியாவில் உள்ள ஏறத்தாழ 3,000 நீர்நாய்கள்.

குறிப்பேட்டில் எனக்குப் பிடித்த பகுதி நண்டுகளைப் பற்றியது. நீர்நாய் என்றாலே கடல் முள்ளெலிகளைத் தின்று, அவை மேயும் கெல்ப் என்ற பெரிய கடற்பாசிகளின் காட்டைக் காப்பாற்றும் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் எஸ்டிஸ், பால்மிசானோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த, முற்றிலும் உண்மையான கதைதான் அது. ஆனால் இந்தச் சேற்றுக் கழியில் கெல்ப் காடு இல்லை. வயல்களிலிருந்து வழிந்துவரும் உரச்சத்தால் கொழுக்கும் பாசி, கடற்புல்லின் இலைகளை மூடி ஒளியை மறைக்கிறது. அப்பாசியை மேயும் சிறு கடல் நத்தைகளை நண்டுகள் தின்கின்றன. நண்டுகளை நீர்நாய்கள் குறைப்பதால் மேய்வன பெருகிக் கடற்புல் தழைக்கிறது என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. சதுப்புக் கரையில் வளைதோண்டி, செடிகளின் வேரைத் தின்னும் நண்டுகளும் இவ்வாறே குறைவதால் ஓடைக் கரைகள் அரிக்கப்படுவது மட்டுப்படுகிறது என்பது 2024-இல் வெளிவந்த முடிவு. அதைப் படித்த பிறகு, துறைமுக வாயிலில் மட்டி உடைப்பவற்றை விட்டு, ஓடைகளுக்குள் நுழைபவற்றின் பக்கம் என் கவனம் திரும்பியது.

அடுத்து, குட்டியுடன் உள்ள தாய்களையும் தனித்த ஆண்களையும் வெவ்வேறு பக்கங்களில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் சென்றால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கும் நீர்நாய் இரை எடுப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள். அந்தப் பதிவால் பயனில்லை.