பெடலை நிறுத்தினால் கேட்கும் பாட்டு

எங்கள் வீடு கோயமுத்தூர் வடவள்ளியில், மருதமலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி மூன்றாவது தெரு. முன் அறை ஜன்னலை ஒட்டி என் தையல் மெஷின். எதிரே பக்கத்துக் காலி சைட்டின் மருதாணி வேலி. பன்னிரண்டு வருஷமாக இங்கே உட்கார்ந்துதான் ஜாக்கெட் தைக்கிறேன்.

புரட்டாசி வாக்கில் அந்த வேலிக்குள் ஒரு சத்தம் ஆரம்பிக்கும். ‘செக்... செக்...’ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் வருமே, அந்த மாதிரி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை விட்டுவிட்டுக் கேட்கும். ஏதோ பூச்சி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நாலு வருஷம் முன்பு பக்கத்து வீட்டுப் பையன், காலேஜில் படிக்கிறவன், பறவைக் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் ஒரு ஆப்பைத் திறந்து ஜன்னல் வழியாகப் போனை நீட்டினான். “பூச்சி இல்லீங்க அத்தை, குருவி. பிளித் நாணல் கதிர்க்குருவின்னு காட்டுது. ரஷ்யாப் பக்கமிருந்து வருதுங்க.”

அதற்கப்புறம் அதைக் கண்ணால் பார்க்கவே பதினோரு நாள் ஆனது. காடாத் துணியைத் தேநீரில் முக்கி எடுத்த மாதிரி நிறம், வெளுத்த வயிறு, கண்ணுக்கு மேல் மெல்லிய வெள்ளைக் கோடு, நீண்ட அலகு. கண்ணைக் கவர வேறொன்றும் கிடையாது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். இரண்டு ஐந்து ரூபாய்க் காசைக் கையில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த உடம்போடுதான் பின்லாந்து முதல் கஜகஸ்தான் வரை உள்ள ஏதோ ஒரு புதரிலிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்கிறது. கல்கத்தாவில் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளித் 1849இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயர். நாணல் என்று பெயரில் இருந்தாலும் இது நாடுவது புதரையும் வேலியையும்தான்.

சொல்ல வந்தது பங்குனியைப் பற்றி.

ஆறு மாதம் ‘செக்’ என்ற ஒற்றைச் சொல்லோடு இருந்த குருவி, வெயில் ஏறியதும் பாட ஆரம்பிக்கிறது. எனக்கு இது தெரிந்ததே ஒரு மத்தியானம் கரண்ட் போனதால். ஃபேன் நின்றது, வியர்வையில் துணி நழுவியது, பெடலிலிருந்து காலை எடுத்தேன். வேலியிலிருந்து யாரோ தனக்குள் முணுமுணுக்கிற மாதிரி ஒரு குரல். ‘செக் செக்’ என்று இரண்டு தட்டு, பிறகு மெல்லிசாக ஒரு சீட்டி. அதே துண்டை மூன்று தடவை, நாலு தடவை. கொஞ்சம் நின்று, வேறு ஒரு துண்டு. அதில் ஊதாத் தேன்சிட்டின் குரல் மாதிரி ஒரு இழை வந்து போனது. இலைச் சந்து வழியாகப் பார்த்தால் அலகு திறந்த மாதிரியே தெரியவில்லை, தொண்டை இறகு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மெஷின் ஓடினால் ஒரு சொட்டுக்கூடக் கேட்காது, அவ்வளவு சன்னம்.

ஜூன் மாதம் தன் ஊரில் இரவெல்லாம் உரக்கப் பாடும் பறவை இது. மற்ற பறவைகளின் குரலையெல்லாம் எடுத்துக் கோத்துப் பாடும். பகல் நீள நீள உடம்பு அதற்குத் தயாராகிறது. பூச்சி தின்று கொழுப்பு சேர்க்கிறது, தொண்டையைத் திறந்து பார்க்கிறது. நம் ஊரில் கேட்பது அந்த ஒத்திகை. பங்குனியிலும் சித்திரை முதல் வாரங்களிலும் மட்டும்தான். அப்புறம் ஒரு ராத்திரி கிளம்பிவிடும்.

வேப்பமரத்தில் ‘சி-வீட்’ என்று கூப்பிடும் பச்சைக் கதிர்க்குருவியும் இதே நாட்களில்தான் போகிறது. மலையடிவாரத்து ஆறுமணிக்குருவியும் அப்படித்தான். ஆனால் என் காதுக்குப் பக்கத்தில் இருப்பது இதுதான்.

இந்த மாசியில் சைட்டுக்காரர் வேலியை வெட்ட ஆள் விட்டார். விற்கப்போகிறாராம். அரிவாள் சத்தம் கேட்டு ஓடினேன். பாதி வேலி தரையில் கிடந்தது. வயிறு பதறிவிட்டது. “சித்திரை முடியட்டுங்க அண்ணா, அதுவரைக்கும் எங்க சுவத்தோரம் இருக்கறதை மட்டும் விட்டுடுங்க” என்று கேட்டேன். குருவிக்காக என்றதும் அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு ஆட்களை நிறுத்திவிட்டார். பத்தடி மிச்சம். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் காலை ‘செக்’. கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அது கடைசியாகக் கேட்ட தேதிகளை எழுதி வைக்கிறேன். 2022 ஏப்ரல் 22. 2023 ஏப்ரல் 27. 2024 ஏப்ரல் 19. ஒரே குருவிதான் திரும்ப வருகிறதா என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விடுகிறார்கள். என் வேலிக்குருவியின் காலில் வளையம் இல்லை.

இந்த வருஷம் ஏப்ரல் 24, வியாழன். காலையில் மூன்று தடவை பெடலை நிறுத்திப் பார்த்தேன். தையல்சிட்டுதான் கத்திக்கொண்டிருந்தது. ஜாக்கெட் வாங்க வந்த பொண்ணு, “ஏனுங்க்கா, மெஷின் ரிப்பேருங்களா?” என்றாள். இல்லை சாமி, குருவி போயிடுச்சு என்றேன். அவளும் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். முந்தின நாள் தேதியைக் குறித்தேன்.

சைட்டுக்காரர் மே மாதம் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வேரோடு பிடுங்காமல் இரண்டடி விட்டு வெட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மருதாணி ஆடி மழைக்குத் துளிர்த்துவிடும், புரட்டாசிக்குள் ஒரு குருவி ஒளியும் அளவுக்கு அடர்ந்தும்விடும்.