காலை ஆட்டக்காரர்கள் கழகமான கதை: கோவையில் ஒரு கூடைப்பந்துக் கழகத்தைப் பதிவு செய்த அனுபவம்

கோவையில் கூடைப்பந்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பி.எஸ்.ஜி. கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. கல்லூரிகளிலும் பெரிய பள்ளிகளிலும் நல்ல ஆடுகளங்கள் இருக்கின்றன. படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும், ஆடுகளம் இல்லாத பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும்தான் அந்த வாசல்கள் திறப்பதில்லை. பூங்காவை ஒட்டிய ஒரு சிமென்ட் தளத்தில் விடியற்காலையில் ஆடிக்கொண்டிருந்த நாங்கள் பெரும்பாலும் அந்த வகையினர். ஒரு வாட்ஸ்அப் குழுவும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிய பந்துகளும்தாம் அன்றைக்கு எங்கள் மொத்தச் சொத்து.

மாலை நேரத்தையும் விளக்கு வசதியையும் கேட்டபோதுதான் பதிவு என்ற பேச்சே எழுந்தது. "யார் பேருல கேக்கறீங்க?" என்று ஒரு அலுவலர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. பொது இடத்தைத் தனி ஆளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது, அமைப்பாக வாருங்கள் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பதிவுச் சான்றிதழ் ஒரு கழகத்துக்கு ஆட்டக்காரர்களைக் கொண்டுவராது. எதையும் எழுத்துமூலம் கேட்கும் தகுதியைக் கொடுக்கும். எங்கள் வளர்ச்சியில் அதன் பங்கு அவ்வளவுதான், ஆனால் அது இல்லாமல் மற்ற எதுவும் நடந்திருக்காது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். செயற்குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது. அதன் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. கையெழுத்துப் போட ஆட்கள் எளிதில் கிடைத்தார்கள். பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, எழுதுவதுதான் இழுத்தது. உறுப்பினர் என்பவர் யார், பயிற்சிக்கு வரும் பிள்ளையின் பெற்றோருக்கு ஓட்டு உண்டா, சந்தா கட்டாதவர் காலையில் வந்து ஆடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் டீக்கடையில் நின்று நீண்ட நேரம் வாதாடினோம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பைலாவை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்யாதது நல்லதாயிற்று, ஏனென்றால் பின்னால் வந்த சண்டைகளில் பாதியை அந்த வரிகளே தீர்த்துவைத்தன. நாங்கள் விரும்பிய பெயரில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்ததால் வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. சங்கத்தின் முகவரிக்கு ஓர் உறுப்பினர் தம் வீட்டைக் கொடுத்தார். பிறகு பான் கார்டு, செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கு என்று மற்றவை வழக்கம்போல முடிந்தன.

மாலை நேரம் கிடைத்ததும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். இருந்ததோ ஒரே ஆடுகளம். முழு ஆட்டம் ஆடினால் களத்தில் பத்துப் பேர், மற்றவர்கள் எல்லாம் ஓரத்தில். இதற்கு வழிகாட்டியது, அணிக்கு மூன்று பேர் ஒரே ரிங்கில் ஆடும் மூவர் ஆட்டம்தான். அதற்கு வேண்டியது 15 மீட்டர் அகலமும் 11 மீட்டர் நீளமும் மட்டுமே என்பதால், 28க்கு 15 மீட்டர் களத்தின் இரண்டு பாதிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடத்தலாம். ஓர் ஆட்டம் 10 நிமிடம், அல்லது ஏதேனும் ஓர் அணி 21 புள்ளி எடுக்கும் வரை. ஆகவே யாரும் வெகுநேரம் காத்திருப்பதில்லை. சனிக்கிழமைகளை முழுவதும் இதற்கே ஒதுக்கினோம்.

அடுத்த சிக்கல் உயரம். 3.05 மீட்டரில் இருக்கும் ரிங்கை நோக்கி எட்டு வயதுப் பிள்ளை, ஆண்கள் ஆடும் பெரிய 7ஆம் எண் பந்தை எறிவதைப் பார்த்தால் சிக்கல் புரியும்: இரண்டு கையாலும் இடுப்பிலிருந்து தூக்கி வீசும், பந்து வலையைக்கூடத் தொடாது, நான்கு நாளில் அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிடும். பட்டறைகளுக்குக் குறைவில்லாத ஊர் என்பதால், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு தகப்பனாரே 2.60 மீட்டர் உயரத்தில் சக்கரம் வைத்த இரண்டு ஸ்டாண்டுகளைச் செய்து கொடுத்தார். இரும்புக்கான காசை மட்டும்தான் வாங்கிக்கொண்டார். சிறுவர்களுக்கான சின்ன 5ஆம் எண் பந்துகளும் வந்த பிறகு சின்னப் பிள்ளைகள் நிலைத்தார்கள்.

பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை உயர்ந்தது தனி நேரத்தால். கலந்து ஆடியபோது அவர்கள் கைக்குப் பந்தே வருவதில்லை. வாரத்தில் மூன்று மாலைகளை அவர்களுக்கென்று ஒதுக்கி, பெண்கள் ஆடும் 6ஆம் எண் பந்துகள் வாங்கி, கல்லூரி அணியில் ஆடிய ஓர் அக்காவைப் பயிற்சியாளராக அழைத்தோம். "இது எதுல போய் முடியும்?" என்று கேட்ட பெற்றோரிடம் விளையாட்டு இடஒதுக்கீட்டைப் பற்றியும், இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னைக்காரர் அனிதா பால்துரையைப் பற்றியும் அந்த அக்காதான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில், எத்தனை மணிக்கு முடியும், யார் கூட இருப்பார்கள் என்ற இரண்டுக்கும் உறுதியான பதில் கிடைத்ததுதான் பெரும்பாலோரை அனுப்பவைத்தது என்பது என் கணிப்பு.

இதனால் காலை ஆட்டக்காரர்கள் சிலருக்கு வருத்தம். ஞாயிறு மாலைகளில் தாங்கள் ஆடிவந்த நேரம் பயிற்சிக்குப் போய்விட்டது என்று ஓரிருவர் விலகிப் போனார்கள். ஆரம்பத்தில் வலை கட்டியதும் கோடு போட்டதும் அவர்கள்தாம் என்பதால் அந்தக் கோபத்தைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பைலாவின்படி பொதுக்குழுவில் வைத்து, காலை நேரத்தைப் பெரியவர்களுக்கே எழுதிக் கொடுத்துத் தீர்மானம் போட்டோம்.

மாவட்டக் கூடைப்பந்துச் சங்கத்தில் இணைவதற்கான விண்ணப்பத்தோடு பதிவுச் சான்று, பொதுக்குழுத் தீர்மானம், பிள்ளைகளின் வயதுச் சான்றுகள் எல்லாம் போயிருக்கின்றன. கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டு அறிக்கையைப் பதிவாளரிடம் கொடுக்கும் வேலையைப் பொருளாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மாலைப் பயிற்சிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டதால், பக்கத்து வார்டில் பயன்படாமல் கிடக்கும் ஒரு தளத்தைக் கேட்பதா, இருக்கும் களத்துக்கே இன்னும் இரண்டு விளக்குகள் கேட்பதா என்பதை அடுத்த பொதுக்குழு முடிவு செய்யும். என் ஓட்டு தளத்துக்கு.