காமன்ஸ் ஐஓவும் அகரவரிசையும்

ஜூன் 10, 2024, திங்கள்

ஒன்பதே காலுக்கு முதல் போன். நாங்கள் ஒரு கல்லூரிக்குச் செய்து கொடுத்திருக்கும் கட்டண மென்பொருளில் எக்செல் அறிக்கை வரவில்லை. கட்டணப் பிரிவில் இருக்கும் அம்மா, "தம்பி, பட்டனை அமுக்கினேன். உருண்டை சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். சேர்க்கை நேரம் வேறு. மாலையில் அந்த அறிக்கையை அச்செடுத்து வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அவர் வீட்டுக்குக் கிளம்ப முடியும்.

சனிக்கிழமைதான் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தோம், அதனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை, தப்பு எங்களுடையதுதான். சர்வரில் நடப்பதை எழுதி வைக்கும் லாக்கைத் திறந்தால் ஒரு வரி பிழை கூட இல்லை. பிடிஎஃப் வருகிறது, சிஎஸ்வி வருகிறது, எக்செல் மட்டும் இல்லை. இப்போதைக்கு சிஎஸ்வியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன். அதை எக்செலில் திறந்ததும் பதிவு எண்களின் முன்னால் இருந்த சுழியங்கள் எல்லாம் காணாமல் போய், அரை மணி நேரத்தில் இரண்டாவது போன்.

ஜூன் 11, செவ்வாய்

லாக் ஏன் வாயே திறக்கவில்லை என்று தேடியதில் காலை முழுக்கப் போயிற்று.

அறிக்கை பெரியது என்பதால் அதைத் தனி த்ரெட்டில், அதாவது பக்கத்தில் தனியாக ஓடும் வேலையாகச் செய்கிறோம்: வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் எக்சிக்யூட்டர் சர்வீஸிடம் சப்மிட் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அப்படிக் கொடுத்த வேலைக்குள் எது வெடித்தாலும், அது ஒரு ஃப்யூச்சர் பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது அதன் கெட் மெத்தடை (மெத்தட் என்பது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) கூப்பிட்டால்தான் வெளியே வரும். எங்கள் நிரலில் யாரும் கூப்பிடவில்லை. வேலைக்குள்ளேயே பிழையைப் பிடிக்கும் ட்ரை, கேட்ச் எல்லாம் இருக்கிறதே என்று பார்த்தால், பிடிப்பது எக்செப்ஷனை மட்டும். ஜாவா மொழியில் பிழைகளுக்கெல்லாம் தாயான த்ரோயபிளுக்கு இரண்டு பிள்ளைகள், எக்செப்ஷன் ஒன்று, எரர் ஒன்று. மூத்தவனுக்கு வலை விரித்து வைத்திருந்தோம், இளையவன் பக்கத்தில் நடந்து போய்விட்டான்.

த்ரோயபிளையே பிடித்து லாகில் எழுதும்படி மாற்றி, சோதனை சர்வரில் ஓட்டினேன். வந்தது: நோ சச் மெத்தட் எரர். எக்செல் கோப்புகளை உருவாக்க நாங்கள் பயன்படுத்தும் அப்பாச்சி பிஓஐ என்ற நூலகம் (பிறர் எழுதி வைத்த நிரல்தொகுப்பு) ஒரு புது எக்செல் புத்தகம் தொடங்கும் இடத்திலேயே விழுகிறது. அது நம்பியிருக்கும் காமன்ஸ் ஐஓ என்ற இன்னொரு நூலகத்தில் இருக்கும் அன்சிங்க்ரனைஸ்டு பைட் அரே அவுட்புட் ஸ்ட்ரீம் என்ற கிளாஸில் (மெத்தடுகள் அடங்கிய நிரல் அலகு) பில்டர் என்ற மெத்தட் இல்லையாம். கிளாஸின் பெயரே ரயில் பெட்டி நீளம்.

ஜூன் 12, புதன்

கிளாஸே இல்லையென்றால் நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர் வந்திருக்கும். கிளாஸ் இருக்கிறது, மெத்தட் இல்லை என்றால் ஜார், அதாவது நூலகம் பொதிந்த கோப்பு, வந்திருக்கிறது, ஆனால் வயது தப்பு. அந்த கிளாஸ் காமன்ஸ் ஐஓ 2.7லேயே உண்டு, பில்டர் வந்தது 2.12.0இல். நாங்கள் மார்ச்சில் ஏற்றிய பிஓஐ 5.2.5, காமன்ஸ் ஐஓ 2.15.0ஐ வைத்து கம்பைல் ஆனது, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றப்பட்டது. எங்கள் நிரல் அந்த மெத்தடை நேரடியாகத் தொடுவதில்லை, ஆகவே எங்கள் கம்பைலருக்கு அதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மும் ஒரு மெத்தடை முதல் முறை கூப்பிடும்போதுதான் தேடுகிறது. அதனால்தான் சர்வர் சமர்த்தாக எழுந்து நின்றது, யாரோ எக்செல் பட்டனை அமுக்கும் வரைக்கும்.

மார்ச்சிலிருந்து ஓடியது ஜூனில் ஏன் நின்றது? நூலகங்களைச் சேர்த்து மென்பொருளைக் கட்டும் கருவியான மேவனில், எந்த ஜார் எதனால் வந்தது என்று காட்டும் டிபென்டன்சி ட்ரீ கட்டளையை, கூடுதல் விவரம் தரும் வெர்போஸ் சேர்த்து ஓட்டினேன். பிஓஐக்குக் கீழே 2.15.0 இருக்கிறது, ஆனால் முரண்பாட்டால் விடப்பட்டது என்று குறிப்பு. வென்றது 2.11.0. அதைக் கொண்டு வந்தது, சர்வரில் கோப்புகளை ஏற்ற உதவும் நூலகமான காமன்ஸ் ஃபைல்அப்லோட் 1.5.

ஒரு ஜாரின் இரண்டு பதிப்புகள் மோதினால் எது புதிது என்று மேவன் பார்ப்பதில்லை. நம் திட்டத்துக்கு எது பக்கத்து உறவோ அதை எடுக்கும். இரண்டும் ஒரே தூரம் என்றால், நமக்கு வேண்டிய நூலகங்களின் பட்டியல் இருக்கும் பாம் எக்ஸ்எம்எல் கோப்பில் எது மேலே எழுதப்பட்டிருக்கிறதோ அது. (தமிழில் எழுதினால் பாம் என்பது குண்டு மாதிரி இருக்கிறது. இன்றைக்குப் பொருத்தம்தான்.) பந்தியில் முந்தியவனுக்கு இலை. இங்கே இரண்டுமே இரண்டாம் படி உறவு. ஆக யாரோ ஃபைல்அப்லோடை பிஓஐக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள்.

யார் என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் பார்த்தேன். மே 29, என் பெயர். மாற்றத்தோடு சேர்த்து எழுதும் கமிட் செய்தியில் நானே எழுதியிருக்கிறேன்: "பாம் கோப்பை அகரவரிசைப்படுத்தினேன், வேறு மாற்றம் இல்லை."

இன்று டீ இரண்டு தடவை.

ஜூன் 13, வியாழன்

பிஓஐயை மறுபடி மேலே நகர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் என்னைப் போல இன்னொரு சுத்தக்காரன் நாளை வருவான். அதனால் பாமில் டிபென்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் காமன்ஸ் ஐஓ 2.16.1 என்று எழுதிவிட்டேன். அங்கே எழுதிய பதிப்பு கீழிருந்து வரும் எல்லாவற்றையும் மீறும், வரிசை எப்படி இருந்தாலும். ஃபைல்அப்லோட் புது ஐஓவோடு ஒத்துப்போகிறதா என்று சான்றிதழ்களை ஏற்றிப் பார்த்தேன், போகிறது. அதை 1.4க்கு இறக்கினால் என்ன என்று பக்கத்து இருக்கையில் கேட்டார்கள். அது கொண்டு வருவது ஐஓ 2.2, பள்ளம் இன்னும் ஆழம். போதாததற்கு ஒரே கோரிக்கையில் எக்கச்சக்கக் கோப்புகளை அனுப்பி சர்வரைத் திணற வைக்கும் ஓட்டையை அடைத்தது 1.5தான்.

மேவனுக்குப் பதில் கிரேடில் என்ற கருவியைப் பயன்படுத்தும் நண்பனிடம் சொன்னேன். "எங்ககிட்ட வாடா, இது மோதினா பெருசைத்தான் எடுக்கும்" என்று சிரித்தான். பெரியதை எடுத்து அவன் பட்ட பாட்டை எனக்குப் போன வருஷம் மணிக்கணக்கில் சொன்னதை மறந்துவிட்டான்.

மாலை ஆறரைக்கு இரண்டு சர்வர்களிலும் ஏற்றினோம்.

ஜூன் 14, வெள்ளி

"தம்பி, ஒரு தடவை வருது, ஒரு தடவை சுத்துது."

ஒரு தடவை விட்டு ஒரு தடவை என்றால், கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் இரண்டில் ஒன்று கெட்டிருக்கிறது. மென்பொருள் முழுவதையும் பொதிந்து கட்டிக் கொடுத்த வார் கோப்பு இரண்டுக்கும் ஒன்றே. இதற்கு மேல் ஊகம் வேண்டாம், ஓடுகிற சர்வரிடமே கேட்போம் என்று, இரண்டாவது டாம்கேட்டுக்கு (எங்கள் மென்பொருளை ஓட்டும் சர்வர் நிரல்) வெர்போஸ் கிளாஸ் என்ற தேர்வைக் கொடுத்து மறுபடி எழுப்பினேன். எந்த கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று வரி வரியாகக் கொட்டும். நமக்கு வேண்டிய அந்த ரயில் பெட்டி வந்த இடம்: காமன்ஸ் ஐஓ 2.11.0.

ஜார்கள் இருக்கும் வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டருக்குள் போனால் 2.11.0, 2.15.0, 2.16.1 மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சர்வர் பார்த்துக்கொள்ளும் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணா, பழைய ஃபோல்டரை அழிச்சிட்டுத்தானே போட்டீங்க?"

"இல்லப்பா, அதுக்கு மேலயே விரிச்சு ரீப்ளேஸ் குடுத்தேன். புது சர்வர்ல எப்பவும் அப்படித்தான்."

ஒரே பெயருள்ள கோப்புதான் ரீப்ளேஸ் ஆகும். ஜாரின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் பழையது அப்படியே தங்கிவிடும். மே மாதம் சேர்க்கைக்காகச் சேர்த்த சர்வர் அது. முதலில் 2.15.0 மட்டும் இருந்தது, ஜூன் 8இல் என் அகரவரிசை வந்து சேர்ந்தது, நேற்று மருந்தும் சேர்ந்தது. டாம்கேட் 8 முதல் லிப் ஃபோல்டரின் ஜார்களைப் பெயர் வரிசையில் அடுக்குவதில்லை, கோப்பு முறைமை என்ன வரிசையில் கொடுக்கிறதோ அதுதான். எது முதலில் வரும் என்பது அந்த இயந்திரத்தின் தலையெழுத்து.

ஃபோல்டரை முழுதாக அழித்து, வாரை மட்டும் வைத்து எழுப்பினோம். அண்ணனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அழித்துவிட்டுப் போட வேண்டும் என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, இன்று எழுதி வைத்தேன். மாலை ஐந்து ஐம்பதுக்கு அந்த அம்மா கிளம்பிவிட்டதாகத் தகவல்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத் விடுமுறை. இன்று, கட்டும்போது விதிகளைச் சரிபார்க்கும் மேவன் என்ஃபோர்சரில் ரிக்வயர் அப்பர் பௌண்ட் டெப்ஸ் விதியைச் சேர்த்தேன். ஏதாவது ஒரு ஜார் கேட்கும் பதிப்பை விடப் பழையது தேர்வானால் கட்டுமானத்தையே நிறுத்திவிடும். சேர்த்த உடனே நிறுத்தியது. காமன்ஸ் ஐஓ பட்டியலில் இல்லை. வேறு நான்கு ஜார்கள் இருக்கின்றன, அதில் இரண்டு ஜாக்சன் என்ற நூலகத்துடையவை. யாரும் இன்னும் அமுக்காத பட்டன்கள் எங்கேயோ காத்திருக்கின்றன போல.

மதியக் கூட்டத்தில் மேலாளர், டாம்கேட் 9இலிருந்து 10க்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். 10இல் ஜாவாக்ஸ் சர்வ்லெட் என்ற நிரல்தொகுப்புப் பெயரே கிடையாது, எல்லாம் ஜகார்த்தா. ஃபைல்அப்லோட் 1.5 அந்தப் பழைய பெயரைத்தான் தேடும். மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாமே என்றார். ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ் கிரிப்டோ எல்லாம் ஜாவாவின் அடிப்படைக் கருவித்தொகுப்பான ஜேடிகேவோடு வருபவை, அவற்றின் பெயர் மாறவில்லை, அவற்றையும் சேர்த்து மாற்றினால் கம்பைலே ஆகாது என்றேன்.

"அப்ப எத்தனை நாள்?"

முதலில் இந்த நாலு ஜாரை முடித்துக்கொள்கிறேன் சார் என்று எழுந்து வந்துவிட்டேன்.