1953 செவ்ரொலெட் பிக்கப்: எங்கே வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது

பழைய பிக்கப் ஒன்றை ஹாட் ராடாக, அதாவது என்ஜினையும் உருவத்தையும் தன் விருப்பப்படி மாற்றிய வண்டியாக, மாற்றும்போது வெல்டிங்கைவிடப் பெரிய வேலை, அதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிப்பது. ஓரிடத்தில் தகட்டை வெட்டினால் அது இன்னும் மூன்று இடத்தில் வேலை வைக்கும். அந்த மூன்றும் என்னென்ன என்று கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் வண்டிக்கு அப்படி ஒரு திட்டம் போட்டு முடித்திருக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். வண்டி 1953 செவ்ரொலெட் 3100. செவ்ரொலெட் 1947 முதல் 1955 தொடக்கம் வரை விற்ற ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையைச் சேர்ந்தது. முகத்தில் ஐந்து கிடைமட்டக் கம்பிகள் உள்ள கிரில்லும், நடுவில் பிரித்த இரண்டு துண்டு முன்கண்ணாடியும் வந்த கடைசி வருடம் அது. 1954-ல் கண்ணாடி வளைந்த ஒரே துண்டாகிவிட்டது, கிரில்லும் மாறிவிட்டது. என்னுடையதில் கேபினின் பின்மூலைகளிலும் வளைந்த சின்ன ஜன்னல்கள் உண்டு. அந்த மூலைக் கண்ணாடிகள்தான் பின்னால் பெரிய முடிவு ஒன்றை எனக்காக எடுத்துக் கொடுத்தன.

மிச்சிகனில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பு போடுவார்கள். இங்கேயே ஓடிய பழைய வண்டியில் அடித்தகடு மிஞ்சுவது அபூர்வம். அதனால் நியூ மெக்சிகோவின் வறண்ட பகுதியிலிருந்து வாங்கி வரவழைத்தேன். ஆனாலும் பார்த்தவுடன் நம்பிவிடக் கூடாது. மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு கேபினின் கீழ்மூலைகள், கதவுக்கு அடியில் ஓடும் தகடு, கால் வைக்கும் தளம், சக்கரத்தை மூடும் ஃபெண்டர் கேபினோடு சேரும் இடம் எல்லாவற்றிலும் தடவிப் பார்த்தேன். இடது பின்மூலையில் காந்தம் ஒட்டவே இல்லை. முன்பு யாரோ துருவை அகற்றாமலே மேலே தடிமனாகப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எங்கே உண்மையான இரும்பு இருக்கிறது என்று தெரியாமல் போடும் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். ஆகவே முதலில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட்டேன்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் வண்டியின் அடையாள எண் தகடு இருக்கும். அந்த எண்ணும் உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். அந்தக் காலத்தில் பல மாநிலங்கள் என்ஜின் எண்ணையே பத்திரத்தில் எழுதிவிட்டன. என்ஜினை மாற்றப் போகிறவர்களுக்கு அது தலைவலி. எண் தகட்டைக் கழற்றக் கூடாது, சுரண்டக் கூடாது. புகைப்படம் எடுத்துவிட்டு, மேலே டேப் ஒட்டி, வேலை முடியும்வரை அப்படியே விட்டுவிட்டேன்.

சரி, பாடி வேலைக்கு வருவோம். எல்லோரும் கூரையிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். நான் டயரிலிருந்து தொடங்கச் சொல்வேன். வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கப் போகிறது என்று தெரியாமல் கூரை உயரத்தையோ, கதவுக்கு அடியில் படிபோல ஓடும் ரன்னிங் போர்டையோ முடிவு செய்ய முடியாது. இதற்குக் கம்பெனி போட்டது 6.00-16 அளவில் ஒல்லியான டயர். நான் 15 அங்குல எஃகுச் சக்கரங்களில் முன்னால் சின்ன டயரும் பின்னால் பெரிய டயரும் மாட்டி, முட்டுக் கொடுத்து, ஓடப்போகும் உயரத்திலேயே நிறுத்தி வைத்தேன். முன்பக்கம் பழைய ஒற்றை அச்சை எடுத்துவிட்டு ‘மஸ்டாங் 2’ பாணி சஸ்பென்ஷன் போடுவதாக முடிவு. 1974 மாடலாக வந்த ஃபோர்டு காரின் வடிவமைப்பு அது. இன்று செவ்ரொலெட் வண்டிக்காரர்களும் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். வண்டி தாழும்போது சக்கரம் ஃபெண்டர் வளைவின் நடுவில் இருக்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். உயரமாக நின்றபோது கண்ணில் படாத அரை அங்குலம்கூட உறுத்தும். அச்சை எங்கே வைப்பது என்பதும் அதனால் பாடித் திட்டத்தில் சேர்ந்த விஷயம்தான்.

உயரம் முடிவான பிறகுதான் கூரை. ‘சாப்’ செய்வது, அதாவது ஜன்னல் தூண்களில் சில அங்குலத்தை வெட்டியெடுத்துக் கூரையை இறக்குவது, ஹாட் ராட் உலகின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. தென் கலிஃபோர்னியாவின் மூரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்த இளைஞர்கள் காற்றுத் தடையைக் குறைக்கச் செய்தது அது. அப்புறம் அழகுக்காகவே நிலைத்துவிட்டது. டெட்ராய்ட் நடுநகரில் குளிர்காலக் கடைசியில் நடக்கும் ஆட்டோராமா கண்காட்சி 1953-ல் தொடங்கியது. அங்கே கீழ்த்தளத்தில் பழைய முறையில் செய்த வண்டிகளை நிறுத்துவார்கள். கூரை இறக்கிய பிக்கப்களை அங்கே பார்த்ததிலிருந்து எனக்கு அந்த ஆசை.

ஆசையைச் சோதிக்க இரண்டு வழி வைத்துக்கொண்டேன். வண்டியை நேர்ப் பக்கவாட்டில், நன்றாகத் தள்ளி நின்று ஸூம் செய்து படம் எடுத்தேன். பக்கத்தில் நின்று எடுத்தால் அளவுகள் கோணலாகத் தெரியும். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஜன்னல் உயரத்தில் கத்தரித்து, மூன்று அங்குலத்துக்குச் சமமான பட்டையை நீக்கி மேல்பகுதியைக் கீழே நகர்த்திப் பார்த்தேன். அப்புறம் வண்டியிலேயே தூண்களிலும் கண்ணாடிகளிலும் மூன்று அங்குல அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினேன். டெட்ராய்ட்டின் கார் வடிவமைப்புக் கூடங்களில் முழு அளவுப் படத்தை டேப்பால் வரைவது பழைய வழக்கம். கண்ணுக்கு அதைவிட நேர்மையான கருவி வேறில்லை.

வெளியிலிருந்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கேபினின் தூண்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக உள்பக்கம் சாய்கின்றன. நடுவில் மூன்று அங்குலத்தை எடுத்துவிட்டால் மேல்தூணும் கீழ்த்தூணும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. கூரை சிறியதாகவும் அதைத் தாங்கும் அடி பெரியதாகவும் நிற்கும். அதைச் சேர்க்க, கூரையை நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டி இடையில் தகட்டுப் பட்டை வைத்து விரிக்க வேண்டும், இல்லையென்றால் தூண்களின் சாய்வை மாற்ற வேண்டும். மேடு தட்டிய பெரிய தகட்டில் நீளமாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் அது நெளியும், நெளிவை எடுப்பது தனித் திறமை. கதவுகளின் மேல்சட்டத்திலும் இதே கணக்கு. கண்ணாடியைப் பொறுத்தவரை, முன்பக்கத்து இரண்டு துண்டுகளும் தட்டையானவை என்பது நல்ல விஷயம். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடியைக் கடையில் வேண்டிய அளவுக்கு வெட்டித் தருவார்கள். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய, கண்ணாடி என்றால் வெட்டவே முடியாது, பொடியாகிவிடும். மூலை ஜன்னல் வளைந்தது. குறைத்த உயரத்துக்கு அது தயாராகக் கிடைக்காது. தனியாக வளைத்துச் செய்யச் சொல்ல வேண்டும், அல்லது ஜன்னலையே தகட்டால் அடைக்க வேண்டும்.

கார் கம்பெனி ஒன்றில் மாதிரி வண்டிகளுக்குத் தகடு அடித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் டேப் ஒட்டிய வண்டியைச் சுற்றி வந்தார். உள்ளே ஏறி உட்காரச் சொன்னார். “இப்போது மேலே சிக்னல் தெரிகிறதா?” என்று கேட்டார். தெரியவில்லை, குனிய வேண்டியிருந்தது. இந்த வண்டியைக் கண்காட்சிக்காகச் செய்யவில்லை, மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டப் போகிறேன். மூலை ஜன்னலை அடைக்க எனக்கு மனமும் இல்லை. கூரையை அப்படியே விடுவது என்று முடிவு செய்தேன். தாழ்ந்து நிற்கும் உயரத்தில் அந்த உருண்டைக் கூரையே போதுமான அழகு என்பது என் தீர்மானமான கருத்து. மூலை ஜன்னல் இல்லாத மூன்று ஜன்னல் கேபின் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

கதவுக் கைப்பிடியை எடுத்துத் தகடு வைத்து மூடி, உள்ளே மின்விசையால் திறக்கவைப்பதும் வழக்கம். இதிலும் நான் கை வைக்கவில்லை. பொத்தானை அழுத்தித் திறக்கும் கைப்பிடி இந்த வரிசையில் 1952-லிருந்துதான் வந்தது, வண்டியின் வயதைச் சொல்வது அது. செய்கிறவர்கள் பேட்டரி இறங்கினால் திறக்க வெளியிலிருந்து எட்டும் ஒரு கேபிளை மறக்காமல் வைக்க வேண்டும். கதவுக்கு மேலே ஓடும் மழைநீர்ப் பட்டையையும் விட்டுவிட்டேன். கூரையும் பக்கத் தகடும் சேரும் இடம் அது. வெட்டினால் இணைப்பு முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் செய்து வர வேண்டும், மழையில் ஜன்னலைத் திறக்கவும் முடியாது.

நான் மனதாரச் செய்ய விரும்பும் மாற்றம் பெட்ரோல் டேங்க்தான். இந்த வண்டியில் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு யாரையும் உட்காரவைக்க எனக்குச் சம்மதமில்லை. அதைப் பின்பக்கம், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் இரு சட்டங்களுக்கு நடுவே கொண்டுபோகிறேன். கேபின் பக்கவாட்டில் பெட்ரோல் ஊற்றும் மூடி இருந்த ஓட்டையைத் தகடு வைத்து மூட வேண்டும், சீட்டைப் பின்னால் தள்ளலாம், கால் நீட்ட இடம் கிடைக்கும். புதிய மூடி எங்கே வரும் என்ற கேள்வி பின்பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

பின்பெட்டியில் ஏற்கனவே வேறு வேலை காத்திருந்தது. பின்பக்கம் தாழும்போது அச்சு சேசிஸ் சட்டத்தில் இடிக்கும். அதற்காகச் சட்டத்தின் அடியில் அரைவட்டமாக வெட்டி, கனமான வளைந்த தகட்டை வைத்துப் பலப்படுத்த வேண்டும். அச்சும் அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்ற கியர் பெட்டியும் மேலே வர இடம் வேண்டும் என்பதால் பெட்டியின் மரத்தளத்தை மூன்று அங்குலம் தூக்க வேண்டும். தளம் உயர்ந்தால் டெயில்கேட்டை, அதாவது பெட்டியின் பின்கதவை, திறந்து போடும்போது படி ஒன்று தெரியும், அதை மறைக்க ஒரு தகட்டு விளிம்பு வேண்டும். டெயில்கேட்டில் அழுத்தியிருக்கும் செவ்ரொலெட் என்ற எழுத்துகளைச் சிலர் தட்டி மட்டமாக்குவார்கள். எனக்கு அவை வேண்டும். சங்கிலிகளை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே மறைந்திருக்கும் தாழ்ப்பாள் வைக்கிறேன்.

என்ஜின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளமான ஆறு சிலிண்டர் இருந்த இடத்தில் 350 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின், தாராளமாக உட்காரும். சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிடும் அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருப்பதால், என்ஜினைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தால் கேபினையும் என்ஜினையும் பிரிக்கும் ஃபயர்வாலை வெட்ட வேண்டாம். வண்டி வந்த காலத்தில் சீட் பெல்ட் கிடையாது. அதற்கான பலப்படுத்தும் தகடுகளைத் தளத்திலும் தூணிலும் பெயின்ட்டுக்கு முன்பே வெல்டிங் செய்துவிட வேண்டும். இதைத் திட்டத்தில் மேலே எழுதிவைத்தவர் என் மனைவி.

இப்போது கேபினுக்குள் குறுக்குக் குழாய்கள் வைத்துப் பிடித்தாகிவிட்டது. கீழ்மூலைகளை வெட்டும்போது கதவு இடைவெளி மாறாமலிருக்க இது அவசியம். வெட்டும் வரிசை சேசிஸ், கேபின் மூலைகள், டேங்க் ஓட்டை, பின்பெட்டி என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. இணைப்புகளின் மேல் பழைய முறையில் ஈயம் உருக்கி ஊற்றுவதா, மெல்லிய பட்டியா என்று பெரியவரிடம் கேட்டேன். ஈயப்புகையும் தூளும் உடம்புக்கு ஆகாது, வீட்டுக் கொட்டகையில் வேண்டாம் என்றார். அதனால் பட்டிதான், ஆனால் தகட்டை அடித்து நேராக்கிய பிறகு மேலே ஒரு மெல்லிய பூச்சு மட்டும். பின்பெட்டிக்கு ஓக் பலகைகள் வந்து இறங்கிவிட்டன. பெட்ரோல் மூடிக்கான சின்னக் கதவை எந்தப் பலகையில் வெட்டுவது என்பதை டேங்க்கைப் பொருத்திய பிறகு முடிவு செய்ய வேண்டும்.