எடைக் கருவியின் மேலே தொங்கிய நோட்டு

அமெரிக்காவில் என் மகன் படித்த உயர்நிலைப் பள்ளியின் மல்யுத்தப் பயிற்சியாளர், 30 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே பணியாற்றிவிட்டு, இந்தப் பருவத்தோடு ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் பேசியவர்கள் அவர் வென்ற கோப்பைகளைப் பட்டியலிட்டார்கள். எனக்கோ, உடை மாற்றும் அறையில் இருந்த எடைக் கருவியும், அதன் மேலே ஆணியில் தொங்கிய நோட்டுப் புத்தகமுமே கண்முன் நின்றன.

பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு மாணவனின் எடையையும் அவர் தம் கையாலேயே அதில் குறித்து வைப்பார். வியர்வையில் இழந்த எடை மறுநாளைக்குள் திரும்பியிருக்காவிட்டால், அந்த மாணவன் அன்று பாயில் கால் வைக்க முடியாது. தண்ணீர்ப் புட்டியோடு ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர் மாணவராக இருந்த காலத்தில், போட்டிக்கு முன் எடையைக் குறைத்துக் கீழ் எடைப் பிரிவில் இறங்குவதற்காக, வியர்த்துக் கொட்ட ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு சூடான அறையில் ஓடுவதும், எடை பார்க்கும் நேரம்வரை எச்சிலைக்கூட விழுங்காமல் கோப்பையில் துப்புவதும் மன உறுதியின் அடையாளமாகக் கருதப்பட்டன. பயிற்சியாளரான புதிதில் தாமும் அதையே சொல்லிக்கொடுத்ததாக அவர் பெற்றோர் கூட்டத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், எடையைக் குறைக்கும் அவசரத்தில் உடலின் நீர் வற்றி மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் பள்ளியிலிருந்த ரப்பர் உடைகளையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு அந்த நோட்டைத் தொடங்கினார். பள்ளிகளுக்கான தேசிய விதிகள் 2006–07 பருவத்தில்தான் கட்டாயமாயின: உடலில் நீர்ச்சத்து போதுமான அளவில் இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்த பிறகே குறைந்தபட்ச எடையைக் கணக்கிட வேண்டும், அந்த எடையில் பையன்களுக்கு 7 சதவீதமும் பெண்களுக்கு 12 சதவீதமும் கொழுப்பு இருக்க வேண்டும், வாரத்தில் உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது.

என் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. 132 பவுண்டுப் பிரிவில் அவனைவிட மூத்த, வலுவான ஒருவன் இருந்ததால், 126க்கு இறங்கினால் முதல் அணியில் இடம் கிடைக்கும் என்று அவன் கணக்குப் போட்டான். அவன் எடைக்கு வாரம் ஏறக்குறைய 2 பவுண்டு குறைக்கலாம் என்பதால் மூன்று வாரம் போதும். சோதனையும் தடையாக இல்லை. விதி அனுமதித்ததைப் பயிற்சியாளர் அனுமதிக்கவில்லை. எங்களை அழைத்து நோட்டைப் புரட்டி, நான்கு மாதங்களாக மெல்ல ஏறிவந்த அவனுடைய எடையை விரலால் தொட்டுக் காட்டி, வளர்ந்துகொண்டிருக்கும் பையனை எதிர்த்திசையில் இழுக்கத் தமக்கு மனம் வரவில்லை என்றார். 126இல் வேறு நல்ல ஆள் இல்லாததால் அந்தப் பருவத்தில் அணி பல புள்ளிகளை இழந்தது என்பதையும் நான் இங்கே சொல்லியாக வேண்டும். மகன் அந்த ஆண்டு முழுவதும் இரண்டாம் அணியில் ஆடினான். என்மீதும் கோபமாக இருந்தான். அடுத்த ஆண்டு 138இல் முதல் அணிக்கு வந்தான்.

விழா முடிந்ததும் நாங்கள் இருவரும் அந்த அறைக்குப் போனோம். நோட்டு அதே ஆணியில் தொங்கியது. இப்போது இருபது வயதாகிவிட்ட மகன் கருவியில் ஏறி நின்றான். பின்னாலேயே வந்த பயிற்சியாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறித்துக்கொண்டார்.