பூவைத் தட்டிப் பார்த்த கணக்கு

ஜனவரி 6

செந்தூராவில் பூ கிளம்பிவிட்டது. போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் மாந்தோப்பு இரண்டு ஏக்கர், 78 மரம். பாதிக்கு மேல் பெங்களூரா, மீதி செந்தூராவும் நீலமும், கிணற்றோரம் ஒரே ஒரு மல்கோவா. போன வருடம் பூ வந்ததும் கடையில் கொடுத்ததை எல்லாம் கலந்து நாலு தடவை அடித்தோம், எதற்காக அடிக்கிறோம் என்று ஒரு மரத்தடியில்கூட நின்று பார்க்கவில்லை, பிஞ்சு பாதிக்கு மேல் கொட்டிய பிறகுதான் அண்ணாந்து பார்த்தோம். அது இன்னும் மனதை அறுக்கிறது. இந்த வருடம் பத்து மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். வாரம் ஒரு முறை அவற்றைப் பார்த்து நோட்டில் எழுதுவது, அதற்கப்புறம்தான் மருந்து.

ஜனவரி 19

பொங்கல் வேலையில் ஒரு வாரம் விட்டுப்போயிற்று. இன்று காலை ஆறரைக்கே மகளையும் கூட்டிக்கொண்டு போனேன், வெயில் ஏறினால் பூவில் சாறு உறிஞ்சுகிற தத்துப்பூச்சி நிற்காது, கை வைப்பதற்குள் தாவிவிடும். ஒரு மரத்துக்கு நாலு திசையிலும் ஒவ்வொரு பூங்கொத்து. அடியில் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு கொத்தை மூன்று தட்டு தட்டினால் போதும், விழுந்ததை அவள் எண்ணிச் சொல்லுவாள். கோதுமை மணியைவிடச் சிறியது, தலைப்பக்கம் அகன்று பின்பக்கம் கூம்பி, ஆப்பு மாதிரி இருக்கும். ரோட்டோர மரங்களில் கொத்துக்கு ஒன்று, இரண்டு. கிணற்றோரத்தில் "அப்பா, இதுல ஒன்பது", அடுத்ததில் பதினொன்று. அங்கே கிளையோடு கிளை பின்னிக் கிடக்கிறது, வெயில் உள்ளே இறங்குவதே இல்லை, ஈரமும் நிழலும் இருக்கும் இடம்தான் அதற்கு வீடு. இலையைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. பூச்சி சாறை உறிஞ்சிவிட்டு விடுகிற தேன் அது, அப்படியே விட்டால் அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசின மாதிரி ஆகிவிடும்.

கொத்துக்கு ஐந்தைத் தாண்டினால் அடிப்பது என்று வைத்திருக்கிறேன். கிணற்றோரத்து 14 மரத்துக்கு மட்டும் மாலையில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து அடித்தாயிற்று, அடிமரத்துப் பட்டை வெடிப்பையும் விடாமல் நனைத்தோம், பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும். மற்ற 64 மரத்தைத் தொடவில்லை.

ஜனவரி 27

கிணற்றோரம் இப்போது கொத்துக்கு இரண்டு. ஆனால் நாலு நாளாக ராத்திரி நல்ல குளிர், காலையில் மூட்டமாக இருந்தது, எனக்கு அதுதான் பயம். ஏழாவது மரத்தில் ஒரு கொத்தின் நுனி மட்டும் வெளுத்திருந்தது. ரோட்டுப் புழுதி என்றுதான் முதலில் நினைத்தேன், ஊதினால் போகவில்லை, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வந்தது, அடியில் காம்பு பழுப்பேறிக் கிடந்தது. சாம்பல் நோய், பூவில் படரும் பூசணம். போன வருடம் பிஞ்சு கொட்டினதில் பாதி இதனால்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு, இது மட்டும் தோப்பு முழுக்க அடித்தோம். உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் பூவே கருகும்.

பிப்ரவரி 9

தோப்பு முழுக்கப் பூ. பக்கத்துத் தோட்டத்து மாமா வேலியோரம் நின்று, "ஏம்பா, நாங்க மூணு மருந்து அடிச்சாச்சு, நீ அட்டைய வச்சிக்கிட்டு சுத்திட்டிருக்க" என்றார். "பூ விரிஞ்சிருக்கு மாமா, இப்ப அடிச்சா ஈ சாகும், காய் எப்படிப் பிடிக்கும்" என்றேன். மாம்பூவில் மகரந்தம் சேர்க்கிற வேலையை ஈக்கள்தான் அதிகம் செய்கின்றன, தேனீகூட அதற்கு அடுத்ததுதான். மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒரு கொத்தைத் தட்டிக் காட்டச் சொன்னார். மூன்று விழுந்தது.

மார்ச் 14

பிஞ்சு நெல்லிக்காய் அளவு. மல்கோவா அடியில் மரத்தூள் கொட்டிக் கிடந்தது, தண்டு துளைப்பான். கம்பியை வளைத்துத் துளைக்குள் விட்டுத் துழாவினால் விரல் நீளப் புழு, வெள்ளை வெளேரென்று. துளையைக் களிமண் வைத்து அடைத்தாயிற்று.

ஏப்ரல் 11

பழ ஈப் பொறி எட்டு கட்டினோம். மெத்தில் யூஜினாலில் ஊறவைத்த ஒட்டுப்பலகைத் துண்டுதான் உள்ளே, அந்த வாசத்துக்கு ஆண் ஈ மட்டும் வரும். முட்டை வைக்கிறது பெண் ஈ என்பதால் பொறி கட்டினதோடு விட்டுவிட முடியாது, ஈ வர ஆரம்பித்துவிட்டதா என்று அது நமக்குச் சொல்லும்.

மே 3

மூன்றாம் பொறியில் மட்டும் 41. அந்த மரத்தடியில் விழுந்த செந்தூராவில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதில் பிசின் ஒரு துளி. அறுத்தால் சதை கூழாகி வெள்ளைப் புழுக்கள், இரண்டு உடம்பை வளைத்துத் தெறித்துக் கத்திக்கு வெளியே குதித்தன. அவை மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகிவிட்டால் அடுத்த ஈ கூட்டம் தயார். இன்றிலிருந்து காலையும் மாலையும் உதிர்ந்ததைப் பொறுக்கி, இரண்டடிக் குழியில் போட்டு மூட வேண்டும், ஒன்றுகூட மரத்தடியில் கிடக்கக் கூடாது.

மே 21

மூன்றாம் பொறியில் 12. பெங்களூரா முதல் பறிப்பு நேற்று முடிந்து கூழ் ஆலைக்குப் போய்விட்டது, தரம் பிரித்ததில் புழுக்குத்து ஒரு கூடைதான் கழிந்தது. நீலம் இன்னும் காயாக நிற்கிறது, நாலு பொறியை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினேன். மாமா தன் தோட்டத்துக்கும் இரண்டு கேட்டார், கொடுத்திருக்கிறேன்.